பெயிண்ட் அடிக்கிற 10 லிட்டர் பிரஷர் டேங்க்: ரெசின் வார்ப்புக்கு எடுக்கலாமா?

எடுக்கலாமுங்க. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ரெசின் ஊற்றிவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். இது ஸ்ப்ரே பெயிண்ட் வேலைக்காகச் செய்த பாத்திரம். பெயிண்டர்களுக்கு ஸ்ப்ரே கன் ஓடுகிற நேரம் காற்று நின்றால் போதும். வார்ப்பென்றால் திரவ ரெசினை அச்சில் ஊற்றி, அச்சோடு டேங்குக்குள் வைத்து, குமிழிகளை அழுத்திச் சுருக்கக் காற்று ஏற்றி இறுக விடுவது. அதற்கு ராத்திரி ஏற்றிய காற்று விடிந்தும் நிற்க வேண்டும். கோயமுத்தூர் ஹார்டுவேர் கடைகளில் பிராண்ட் பெயர் இல்லாமல் வருகிற 10 லிட்டர் டேங்குகளில் இரும்புச் சட்டியும் மூடியும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறெல்லாம் மூடிமேல் மாட்டி வருகிற சாமான்களில்தான்.

முதல் வேலை, வேண்டாததைக் கழற்றுவது. பெயிண்ட் உறிஞ்சும் குழாய், கன்னுக்குப் போகும் இரண்டு அவுட்லெட், சிலவற்றில் நடுவில் கலக்கி. அவுட்லெட்டுகளில் ஒன்றைப் பித்தளை டம்மி போட்டு அடையுங்கள். இன்னொன்றில் பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது) போட்டால் காற்றை வெளியே விடும் வழி அதுவாகிவிடும். கலக்கியின் தண்டு வருகிற ஓட்டைதான் தொல்லை. தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கிற கிளாண்டை எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ ஒரு லேத் பட்டறையில் மரை அளவு எடுத்துக் கொடுத்து, ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உட்காரப் பள்ளம் வைத்த பித்தளைப் பிளக் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் கலக்கியே இல்லாத மாடலாகப் பார்த்து எடுப்பது மேல்.

மரை விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். நம் கடைகளில் கிடைப்பது பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் அளவு மரை. இறக்குமதி மூடிகளில் என்பிடி என்கிற அமெரிக்க அளவு இருப்பதுண்டு. கால் இஞ்சில் பிஎஸ்பிக்கு இஞ்சுக்கு 19 மரை, என்பிடிக்கு 18. இரண்டு சுற்று கையால் ஏறி, அப்புறம் பிடித்துக்கொள்ளும். அதை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் மூடியின் மரை போய்விடும். அரை இஞ்சு இன்னும் மோசம்: இரண்டிலும் 14 மரை, ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55, மற்றதில் 60 டிகிரி. அதனால் முழுசாக ஏறி உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கசியும். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே நாலு சுற்று சுற்றினால் போதும். பத்துச் சுற்று சுற்றினால் கசிவு நிற்காது, பிசிர்தான் வால்வுக்குள் போகும்.

காற்று உள்ளே வரும் இன்லெட் பக்கம் ஃபில்டர்-ரெகுலேட்டர் (காற்றை வடிகட்டி அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது) மட்டும் வையுங்கள். ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் மூன்றும் சேர்ந்த எஃப்ஆர்எல் செட்டைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். அதில் இருக்கிற லூப்ரிகேட்டர் எண்ணெயைப் புகையாகக் காற்றில் கலந்து நேரே ரெசின்மேல் கொண்டுபோய்ப் படிய வைக்கும். ரெகுலேட்டருக்கு அடுத்து காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, அதற்கடுத்து பால் வால்வு. மாதாந்திரப் பராமரிப்பென்று கரண்ட் போகிற நாளில் கம்ப்ரசர் நின்றாலும் டேங்குக் காற்று பின்னால் ஓடாது. மூடிக்கு உள்பக்கம் இன்லெட் ஓட்டையில் ஒரு எல்போ போட்டு காற்றைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று அச்சின்மேல் நேராக அடித்து ரெசினைத் தெறிக்க விடும்.

கம்ப்ரசர் பெரிசாக வேண்டியதில்லை. கம்ப்ரசரின் 24 லிட்டர் டேங்கில் 8 பார் (பாரும் பிஎஸ்ஐயும் அழுத்த அளவுகள்) ஏறியிருந்தால், மோட்டார் ஓடாமலே இந்த 10 லிட்டரையும் 5 பாருக்கு மேல் நிரப்பும் காற்று அதில் இருக்கிறது. நமக்கு வேண்டியது 3 பார், அதாவது 45 பிஎஸ்ஐ அளவுதான்.

அதற்கு மேல் ஏன் போகக் கூடாது? இந்த ரகத்தில் பலவற்றின் தகட்டில் உச்ச அழுத்தம் 60 பிஎஸ்ஐ என்றே போட்டிருக்கும். உள்விட்டம் 24 செ.மீ. உள்ள மூடியை 45 பிஎஸ்ஐயில் காற்று ஏறக்குறைய 1,400 கிலோ விசையோடு மேலே தள்ளுகிறது. இரண்டு மாருதி 800 எடையை நாலு போல்ட் பிடித்து நிறுத்துகிற மாதிரி. அழுத்தம் மீறினால் தானே திறக்க வேண்டிய, கூட வருகிற சேஃப்டி வால்வை நம்பாமல், தகட்டில் உள்ள அளவைத் தாண்டாமல் திறக்கிற நல்ல வால்வாக மாற்றுங்கள். சட்டியிலோ மூடியிலோ புதிதாக ஓட்டை போடுவது, வெல்டு வைப்பது கூடவே கூடாது. “ஏனுங்க, பழைய குக்கர்ல செஞ்சாப் பத்தாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. குக்கர் 1 பாரை ஒட்டி வேலை செய்யச் செய்தது. பத்தாது. பிவிசி குழாயில் செய்வது அதைவிட ஆபத்து, உடைந்தால் சில்லாகப் பறக்கும்.

முதல் சோதனையைக் காற்றில் செய்யாதீர்கள். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, பிளம்பர்கள் பைப் லைன் சோதிக்கிற கைப்பம்பால் ஒன்றரை மடங்கு, அதாவது 60க்கு 90 பிஎஸ்ஐ, ஏற்றிப் பாருங்கள். அந்தச் சோதனைக்கு மட்டும் சேஃப்டி வால்வைக் கழற்றி டம்மி போட வேண்டும், முடிந்ததும் மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும். தண்ணீர் அமுங்காது, அதனால் எங்காவது விட்டாலும் வெடிக்காமல் பீய்ச்சி அடிப்பதோடு நின்றுவிடும்.

அடுத்தது கசிவு. காற்று ஏற்றிய பத்து நிமிஷத்தில் அழுத்தம் காட்டும் கேஜின் முள் 1, 2 பிஎஸ்ஐ இறங்கினால் பதற வேண்டாம். அமுங்கின காற்று சூடாக இருக்கும், ஆறினால் இறங்கும். ராத்திரியில் 10 டிகிரி குளிர்ந்தாலும் 2 பிஎஸ்ஐ குறையும். அதற்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணியைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு மரையாகத் தடவுங்கள். எங்கேயும் நுரை வரவில்லையென்றால் மூடிக்கும் சட்டிக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட்தான். சொட்டின ரெசின் அதன்மேல் காய்ந்து ஒரு மயிரிழை மேடு கட்டியிருந்தாலே போதும், அங்கே காற்று போகும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். போல்ட்டுகளை எதிரெதிராக, கையாலேயே இறுக்குங்கள். பைப் ரெஞ்ச் போட்டால் மூடி வளையும், வளைந்த மூடி எந்த கேஸ்கெட்டிலும் நிற்காது.

காற்று நன்றாக நின்றும் குமிழி வந்தால்? 45 பிஎஸ்ஐயில் குமிழியின் கன அளவு கால்வாசியாகும், விட்டமோ 1 மி.மீ. இருந்தது 0.63 ஆகத்தான் குறையும். மீதியில் கொஞ்சம் ரெசினில் கரையும். ஆகவே அடித்துக் கலக்கி நுரை கட்டினதை இந்த டேங்க் காப்பாற்றாது. மெதுவாகக் கலக்கி, மெல்லிய நூலாக ஊற்றுங்கள். காற்று ஏறுவதற்குள் ரெசின் இறுக ஆரம்பித்தாலும் பயனில்லை. ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை மத்தியானத்தில் பாலியூரித்தேன் ரெசின் ஊற்றுகிறவர்களுக்கு இதுதான் வினை. 10 டிகிரி கூடினால் ரெசின் இறுகாமல் இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். விடிகாலையில் ஊற்றுங்கள்.

வார்ப்பின் மேலெல்லாம் குட்டிப் பரு இருந்தால் குற்றம் சிலிக்கான் அச்சின்மேல். அச்சின் தோலுக்கடியில் காற்றுக் குமிழி இருந்தால் அழுத்தத்தில் அந்த இடம் உள்வாங்கும், அந்தப் பள்ளத்தில் ரெசின் நிரம்பி மேடாகிவிடும். அச்சையும் இதே டேங்கில், வார்க்கிற அதே அழுத்தத்தில் இறுக விடுவதுதான் மருந்து. பாலியூரித்தேன் பன் மாதிரி நுரைத்து உப்பினால் ஈரம்தான் காரணம். ஐப்பசி மழையில் கம்ப்ரசர் டேங்கின் அடித் திருகைத் தினமும் திறந்து தண்ணியை வடியுங்கள். பொள்ளாச்சிக் கொட்டாங்குச்சித் துண்டுகளை ரெசினில் பதிக்கிறவர்கள் அதை நன்றாக உலர்த்தாவிட்டால் எந்த அழுத்தமும் உதவாது.

மூடியைத் திறக்கும்போது காற்றை வெளியே விடும் பால் வால்வை முழுக்கத் திறந்து, முள் பூஜ்யத்துக்கு வந்தபிறகு சேஃப்டி வால்வின் வளையத்தையும் இழுத்துப் பார்த்துவிட்டு போல்ட்டைத் தொடுங்கள். கேஜ் முள் சிக்கி நின்று பொய் சொல்வதுண்டு. வேலையில்லாத நாளில் மூடியை இறுக்கி வைக்காதீர்கள், கேஸ்கெட் தட்டையாகிவிடும். டேங்க் வாங்குகிற அன்றே இன்னொரு கேஸ்கெட்டும் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம் தனியாகப் போய்க் கேட்டால் அதே அளவு கிடைப்பது குதிரைக் கொம்பு.