மென்பொருள் எழுதித் தருபவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்

மருந்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வணிகம் எங்களுடையது. ‘பத்து வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது போன்ற ஸ்கீம் கணக்குகள் சந்தையில் கிடைத்த மென்பொருளில் எங்கள் வழக்கத்துக்கு ஒத்துவராததால், தெரிந்தவர் பரிந்துரைத்த ஒருவரிடம் தனியாகவே எழுதித் தரச் சொல்லி, 1,80,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தோம். ஒரு பக்க விலைப்புள்ளியைத் தவிர எழுத்தில் எதுவும் இல்லை.

முதல் அடி காலாவதி நாளில் விழுந்தது. அதைத் தேதியாகச் சேமிக்காமல் வெறும் எழுத்தாகச் சேமித்திருந்தார். எழுத்தாக வரிசைப்படுத்தும்போது ‘03/26’ என்பது ‘11/24’ என்பதற்கு முன்னால் வந்துவிடும். ஆகவே 2026 மார்ச்சில் முடியும் பேட்ச் முதலில் விற்றுப்போக, 2024 நவம்பரில் முடியும் பேட்ச் அலமாரியிலேயே கிடந்தது. அதை நாங்கள் கண்டுபிடித்தபோது, மருந்து நிறுவனம் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிந்திருந்தது.

இதில் எங்கள் பங்கும் உண்டு. மாற்றங்களையெல்லாம் தொலைபேசியில்தான் சொன்னோம். அவரும் எதற்கும் மறுப்புச் சொல்லாமல் “செய்துவிடலாம் சார்” என்றார். பின்னால் தகராறு வந்தபோது, எதைக் கேட்டோம், எதற்கு அவர் ஒப்புக்கொண்டார் என்பதை இரு தரப்பாராலும் காட்ட முடியவில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு அடித்தளத்தில் இருந்தது. மொத்தத் தரவும் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்செஸின் ஒரே கோப்பில் இருக்க, மூன்று கணினிகள் பகிர்வுக் கோப்புறை வழியாக அதைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தன; பதிவு ஏறும் நேரத்தில் மின்சாரமோ இணைப்போ அறுந்தால் கோப்பு கெட்டுப்போகும். அக்செஸ் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது என்பதையும் அவர் சொல்லவில்லை. கொள்முதல் பில்களின் படங்களையும் அதற்குள்ளேயே சேமிக்கும்படி அமைத்திருந்தார். ஒரு மார்ச் மாதக் கடைசி வாரத்தில், ஆண்டுக் கணக்கை முடிக்கும் நெருக்கடியில், பில் போடுவது அப்படியே நின்றது.

அழைத்தோம். புதிதாக எழுத வேண்டும், 60,000 ரூபாய் ஆகும் என்றார். வேறொருவரிடம் காட்டலாம் என்று மூல நிரலையும் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் கேட்டதற்கு, அவை தம்முடையவை என்றார். வழக்கறிஞரிடம் போனபோதுதான் தெரிந்தது: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் அல்லாத ஒருவர் எழுதிய நிரலின் உரிமை, எழுத்து மூலம் மாற்றித் தரப்படாதவரை, எழுதியவருக்கே உரியது. பணம் கொடுத்ததாலேயே நிரல் நமதாகிவிடாது. கடவுச்சொல்லைத் தர மறுத்தது வேறு விஷயம். எங்கள் கணக்கை எங்களிடமிருந்தே பூட்டி வைத்ததை நான் மோசடி என்றுதான் சொல்வேன்.

இப்போது வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். நிரல் உரிமை எங்களுக்கு மாறும் என்பதும், நிர்வாகக் கடவுச்சொல் முதல் நாளிலிருந்தே எங்களிடம் இருக்கும் என்பதும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கின்றன. காப்புப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, எங்கள் கண்முன் ஒரு பில் போட்டுக் காட்டிய பிறகே கடைசித் தவணை. ஜிஎஸ்டி சட்டம் கணக்குகளை, ஆண்டு அறிக்கைக்கான கெடுவிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்வதால் பழையவற்றைத் தள்ளிவிடவும் வழியில்லை. அச்சிட்ட பில்களைப் பார்த்து இரண்டு பேர் தினமும் மாலையில் தட்டச்சு செய்கிறார்கள். முதல் ஆண்டே இன்னும் முடியவில்லை.