டிபிஎம் சிப் மாற்றியதாகச் சொல்லி 3,500 ரூபாய்: பழைய லேப்டாப் வைத்திருப்போர் கவனத்துக்கு

2025 செப்டம்பரில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடையில், செய்யாத வேலைக்கு 3,500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். போனது போகட்டும் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்த பிறகு, இதே 'சிப் மாற்றும்' பேச்சை நண்பர்கள் இருவர் வெவ்வேறு கடைகளில் கேட்டு வந்ததால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

என்னுடையது டெல் லேட்டிட்யூட் இ7470. ஏதோ ஒரு ஐடி நிறுவனம் கழித்துக் கட்டியதை 17,000 ரூபாய்க்கு வாங்கியது. அந்த நிறுவனத்தின் சொத்து எண் அச்சிட்ட வெள்ளி நிற ஸ்டிக்கர், அடிமூடியின் ஒரு திருகை மறைத்தபடி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-6300யூ, அதாவது 6ஆம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 11 ஏறுமா என்று மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' மென்பொருளை ஓட்டிப் பார்த்தபோது அது இரண்டு குறைகளைக் காட்டியது: டிபிஎம் (கணினியின் பூட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்) 2.0 பதிப்பு இல்லை, பிராசசர் ஆதரவுப் பட்டியலில் இல்லை. இதில் முதல் வரியை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனது என் தவறு.

கடைக்காரர் லேப்டாப்பை ஆன் செய்து ஒரு நிமிடம் பார்த்தார். "சார், உள்ள இருக்கிறது 1.2 சிப். அத எடுத்துட்டு 2.0 போட்டா லெவன் ஏறிடும். சிப் 2,500, கூலி ஆயிரம்" என்றார். பிராசசர் பழையதாயிற்றே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பிரச்சினை இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். மூன்றாம் நாள் விண்டோஸ் 11 பளபளவென்று வந்து நின்றது. கூடவே, 'டிபிஎம் 2.0 சிப் மாற்றம் – 3,500' என்று பேனாவால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி பில் கேட்காமல் வந்தது என் இரண்டாவது தவறு.

நான்கு நாள் கழித்து, புதிய சிப் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில், விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'டிபிஎம்.எம்எஸ்சி' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். வந்த திரையின் கீழ்ப்பகுதியில் 'ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன்' என்ற இடத்தில் 1.2 என்றே இருந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஸ்டிக்கரில் ஒரு கீறல் கூட இல்லை. அதைக் கிழிக்காமல் அந்தத் திருகைக் கழற்ற வழியே கிடையாது.

அவர்கள் செய்தது இதுதான்: டிபிஎம், பிராசசர் ஆகியவற்றைச் சோதிக்காமலே நிறுவும்படி மாற்றிய பென்டிரைவைச் செருகி விண்டோஸ் 11ஐ ஏற்றியிருக்கிறார்கள். ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு யார் வேண்டுமானாலும் அத்தகைய பென்டிரைவைத் தயாரிக்கலாம். சொல்லிவிட்டுச் செய்திருந்தால் எனக்கு ஆட்சேபம் இருந்திராது. ஆனால் தகுதியில்லாத கணினியில் இப்படி ஏற்றினால் அப்டேட்டுகளுக்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடுமே என்ற பயத்தில்தான் நான் கடைக்கே போனேன்.

இனி அந்தச் சிப்பைப் பற்றி. லேப்டாப்புகளில் டிபிஎம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பல டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் இருப்பதுபோல் தனி மாட்யூல் செருகும் இடம் இவற்றில் இருப்பது அரிது. சில கணினிகளில் பிராசசரோடு சேர்ந்தே வரும் டிபிஎம், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினால் போதும். என் மாடலில் இருப்பது தனிச் சிப்தான் என்றாலும், அதை 1.2இலிருந்து 2.0க்கு மாற்றும் ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள் இயங்கும் மென்பொருளை, டெல் நிறுவனமே தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சார்ஜரைச் செருகி வைத்துவிட்டு, பயாஸுக்குள் சென்று சிப்பை 'கிளியர்' செய்து (அதில் இருக்கும் சாவிகளை அழித்து), விண்டோஸ் தானாகவே அதை மறுபடி கைவசப்படுத்திக்கொள்ளாதபடி ஒரு பவர்ஷெல் கட்டளையையும் கொடுத்து, அந்த ஃபர்ம்வேரை ஏற்றினேன். அடுத்த முறை பார்த்தபோது 2.0 என்று காட்டியது. செலவு ஒரு பைசா இல்லை.

செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், முதலில் அதை நிறுத்திவைத்து, 48 இலக்க மீட்புச் சாவியையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகே சிப்பைக் கிளியர் செய்ய வேண்டும். நான் பிட்லாக்கர் போட்டிருக்கவில்லை. போட்டிருந்து, கடைக்காரர் உண்மையிலேயே சிப்பில் கைவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

2.0 வந்ததும் பிசி ஹெல்த் செக்கை மறுபடி ஓட்டினேன். டிபிஎம் வரி பச்சையாகிவிட்டது. பிராசசர் வரி சிவப்பாகவே நின்றது. சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். என் லேப்டாப்பில் பிராசசரும் பற்றவைத்ததுதான், மாற்ற முடியாது. ஆக, அவர் நேர்மையாகவே சிப்பை மாற்றியிருந்தாலும் 3,500 ரூபாய் வீண்தான். சிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் பிராசசரின் எண்ணைப் பார்க்காத கடைக்காரர், வேலை தெரியாதவர் அல்லது தெரிந்தே பேசுகிறவர்.

கடைக்குத் திரும்பிப் போய்த் திரையையும் ஸ்டிக்கரையும் காட்டினேன். "லெவன் ஓடுதா இல்லையா சார்?" என்றார். மாற்றிய பழைய சிப்பைக் கொடுங்கள் என்றேன். எங்கள் தெரு பைக் மெக்கானிக் கூட கழற்றிய ஸ்பார்க் பிளக்கைக் கேட்காமலே கையில் கொடுத்துவிடுவார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு 1,500 ரூபாயை எடுத்து வைத்தார். மீதிக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது கடைப்பெயர் கூட இல்லாத துண்டுச் சீட்டு என்பதால் பெரிய நம்பிக்கை இல்லை.

லேப்டாப்பில் மீண்டும் விண்டோஸ் 10ஐயே ஏற்றிவிட்டேன். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருப்பவர்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பணம் கட்டாமலே 2026 அக்டோபர் 13 வரை பெறலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கிறது. பதிந்து முடிக்க எனக்கு ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.