லினக்ஸில் ஆடுவதா, மேகத்திலிருந்து ஆடுவதா?

காட்பாடியில் அறையெடுத்துத் தங்கியுள்ள மாணவர்கள் பலர், மடிக்கணினியில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய பின், விளையாட்டுகளை அதிலேயே ஓட்டுவதா, மேகத்தில், அதாவது தொலைவிலுள்ள கணினியில் ஓடவிட்டு இணையம் வழியே காட்சியைப் பெற்று ஆடுவதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் மென்பொருள் இலவசம், ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். மேகத்திற்குப் பழைய கணினியே போதும். சந்தாதான் மாதந்தோறும் கரையும்.

இணையம்: உண்மையான வேறுபாடு இங்கேதான். விண்டோஸுக்கென எழுதப்பட்ட டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளைப் புரோட்டான், லினக்ஸில் இயங்கும் வல்கன் கட்டளைகளாக மாற்றி நம் கணினியிலேயே இயக்குவதால், பதிவிறக்கிய பின் தனியாள் விளையாட்டுகளுக்கு இணையம் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஜிஃபோர்ஸ் நவ் என்ற மேகச் சேவைக்கோ 1080பி தரத்திற்கு நொடிக்கு 25 மெகாபிட் வேகம் தேவை. அவ்வேகம் முழுவதும் செலவானால் மணிக்கு ஏறத்தாழ 11 ஜிபி. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டின் அன்றாட 2 ஜிபி கால் மணி நேரம்கூடத் தாங்காது.

வெப்பம்: வேலூரின் கத்திரி வெயிலில் கிராஃபிக்ஸ் அட்டை அறையையும் சேர்த்துச் சூடாக்கும், மேகத்தில் அந்தச் சூடு வேறெங்கோ.

நிலைப்பு: மேகச் சேவை நின்றும் போகலாம்; அப்படியொரு சேவையான கூகுள் ஸ்டேடியா 2023 ஜனவரியில் மூடப்பட்டது.

அட்டை வைத்திருந்து கதை விளையாட்டுகளை ஆடுபவருக்கு லினக்ஸே பொருந்தும்; ஃபைபர் இணைப்பும் பழைய கணினியும் உடையவருக்கு மேகம். வாலரன்ட் என்ற இணையச் சுடும் விளையாட்டை ஆடுபவர் மட்டும், அதன் ஏமாற்றுத் தடுப்பு நிரல் லினக்ஸில் இயங்காததால், விண்டோஸை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.