காக்டெயில் சாஸ்: ஹார்ஸ்ராடிஷா, வசாபியா, நம் கடுகா?

அவித்துக் குளிரவைத்த இறாலுக்குத் தொட்டுக்கொள்ளும் காக்டெயில் சாஸில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கெட்சப், எலுமிச்சை, கொஞ்சம் வூஸ்டர் சாஸ், சில சொட்டு மிளகாய் சாஸ் போதும். இவை நான்கும் மும்பையின் செம்பூரிலோ சயானிலோ தெருமுனைக் கடையிலேயே கிடைத்துவிடும். சிக்கல் ஐந்தாவது பொருளில்தான். அமெரிக்கச் செய்முறையில் மூக்குக்குள் சுர்ரென்று ஏறும் காரம் ஹார்ஸ்ராடிஷ் என்ற வேரிலிருந்து வருகிறது. இங்கே அந்த வேர் பச்சையாகக் கிடைப்பது அரிது. துருவி வினிகரில் போட்ட பாட்டில்தான் கிராஃபர்ட் மார்க்கெட்டின் இறக்குமதிச் சரக்குக் கடைகளிலோ ஆன்லைனிலோ வரும். அதற்கு மாற்று என்றால் ஜப்பானியக் கார விழுதான வசாபி ட்யூப், இல்லையேல் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகு. எங்கள் வீட்டில் கடுகுதான். விலை மட்டும் அதற்குக் காரணமில்லை; சேமிப்பில் காரம் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதே முக்கியமான காரணம்.

மூன்றிலும் மூக்கில் ஏறும் பொருள் ஒன்றேதான்: அல்லைல் ஐசோதயோசயனேட். அது வேரிலோ விதையிலோ தயாராக இருப்பதில்லை. காரத்தின் மூலப்பொருளான சினிக்ரின் ஓர் அறையிலும் மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கும். நசுக்கி, ஈரம் பட்டால்தான் இரண்டும் சேர்ந்து காரம் பிறக்கும். தாளிப்பில் பொரிந்த கடுகு மூக்கைத் தொடாததும் இதனால்தான், எண்ணெய்ச் சூட்டில் நொதி செத்துவிடுகிறது. பிறந்த காரம் எளிதில் ஆவியாகும், வெறும் நீரில் சிதையும். புளிப்பு சேர்த்தால் சற்று நீடிக்கும். ஆனால் அதே புளிப்பு நொதியையும் அடக்கிவிடும். அதனால் வினிகரை எப்போது ஊற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஹார்ஸ்ராடிஷ் பாட்டிலில் இந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. திறந்த நாளில் நன்றாக இருக்கும். 200 கிராம் கெட்சப்புக்கு 2 முதல் 3 டேபிள்ஸ்பூன், பிழிந்து வடித்துச் சேர்க்கலாம். லேசான இனிப்பு, நார்நாரான பதம் இரண்டும் அதற்கே உரியவை. ஆனால் மாதம் ஒரு தடவை இறால் அவிக்கும் வீட்டில் அந்தப் பாட்டில் தீருவதற்குள் நிறம் பழுப்பாகி, காரம் போய், புளித்த துருவல்தான் மிஞ்சும். மூடியை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் காரம் வெளியேறிவிடும். அதை ஈடுகட்ட ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டால் கூடுவது புளிப்புதான்.

வசாபி ட்யூப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேபிளைப் படித்தால் பெரும்பாலானவற்றில் இருப்பது ஹார்ஸ்ராடிஷும் கடுகும் பச்சைச் சாயமும்தான். சிவப்பு சாஸில் அது கலந்தால் நிறம் மங்கி அழுக்காகத் தெரியும். அவசரத்துக்கு ஒரு டீஸ்பூன் போடலாம், அவ்வளவே.

முருங்கை வேரின் காரம் ஹார்ஸ்ராடிஷை ஒத்திருப்பதால், வெள்ளைக்காரர்கள் முருங்கைக்கே ‘ஹார்ஸ்ராடிஷ் மரம்’ என்று பெயர் வைத்தார்கள். யாராவது அதைத் துருவிப் போடச் சொன்னால் வேண்டாம். அந்த வேர்ப்பட்டையில் நச்சு ஆல்கலாய்டுகள் உண்டு.

இனி கடுகு. சிறிய, கரும்பழுப்புக் கடுகை எடுங்கள். மும்பைக் கடைகளில் ராய் என்று கேட்டால் தருவார்கள். வெளிர்மஞ்சள் வகை நாக்கில் உறைக்குமே தவிர மூக்குக்கு ஏறாது. 2 டேபிள்ஸ்பூன் கடுகை ஈரமில்லாத மிக்ஸியில் விட்டுவிட்டுப் பொடிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறி, பிறப்பதற்கு முன்பே காரம் போய்விடும். பொடியில் 3 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கலந்து, 10 நிமிடம் மூடி வையுங்கள். வெந்நீர் கூடவே கூடாது. பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரும் அரை டீஸ்பூன் உப்பும் சேருங்கள். வினிகரை முதலிலேயே ஊற்றிவிட்டால் விழுது சப்பென்று இருக்கும்; 10 நிமிடம் கழித்து ஊற்றினால் அந்த உச்சத்திலேயே நிற்கும். அரைத்த உடனே நாக்கில் வைத்தால் கசக்கும், பயப்பட வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலில் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருந்தால் கசப்பு அடங்கும். தோலின் கரும்புள்ளிகள் பிடிக்காதவர்கள் பொடியைச் சலித்துக்கொள்ளலாம்.

இந்த விழுது ஒரு வாரம் முறுக்கோடு இருக்கும், பிறகு மெல்ல இறங்கும். இறங்கினால் கவலையில்லை. முழுக் கடுகு பல மாதம் டப்பாவில் அப்படியே கிடக்கும். இரண்டு அறைகளும் உடையாதவரை காரம் அதற்குள் பத்திரமாக இருக்கும். தேவைப்படுவதற்கு முந்தின நாள் 15 நிமிடத்தில் புதிதாகச் செய்துகொள்ளலாம். திறந்த ஹார்ஸ்ராடிஷ் பாட்டிலால் முடியாதது இது.

அதனால் சாஸைக் கலந்து சேமிக்காமல் இரண்டு பாட்டிலாக வைப்பது நல்லது. ஒன்றில் கடுகு விழுது, மற்றொன்றில் அடிப்படைக் கலவை. நம் ஊர் கெட்சப் இனிப்புத் தூக்கலாக இருப்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. 3 டேபிள்ஸ்பூன் தக்காளி ப்யூரியை 5 நிமிடம் சுண்டவிட்டு ஆறவைத்து, 200 கிராம் கெட்சப்பில் சேருங்கள். அதோடு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் வூஸ்டர் சாஸ், அரை டீஸ்பூன் மிளகாய் சாஸ், கால் டீஸ்பூன் மிளகுத்தூள். வூஸ்டர் சாஸ் இல்லையென்றால் அரை டீஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசலும் நாலு சொட்டு சோயா சாஸும் போதும். அசல் வூஸ்டர் சாஸிலும் புளி உண்டு.

இந்தக் கலவையின் பி.எச். (புளிப்பின் அளவீடு; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்கு நன்றாகக் கீழே இருப்பதால், உணவை நச்சாக்கும் பொட்டுலிசக் கிருமி வளராது. பூஞ்சையும் ஈஸ்டும் வரலாம், அதனால் ஃப்ரிட்ஜ் கட்டாயம். வெந்நீரில் கழுவி முழுக்கக் காயவைத்த கண்ணாடிப் பாட்டில், பிளாஸ்டிக் மூடி, உலர்ந்த ஸ்பூன் இருந்தால் மூன்று வாரம் தாராளமாக வரும். அதற்கு மேல் நாங்கள் வைத்துப் பார்த்ததில்லை. தகர மூடி புளிப்பில் துருப்பிடிக்கும். பச்சைப் பூண்டு, வெங்காயம், கொத்தமல்லி எதையும் பாட்டிலில் போடாதீர்கள், போட்டால் ஆயுள் இரண்டு மூன்று நாள்தான். குமிழி எழுந்தாலோ மூடி உப்பினாலோ கொட்டிவிடுங்கள்.

சாப்பிட அரை மணி நேரத்துக்கு முன், 4 டேபிள்ஸ்பூன் கலவைக்கு ஒரு டீஸ்பூன் கடுகு விழுதைத் தனிக் கிண்ணத்தில் கலந்து ருசி பாருங்கள். காரம் போதவில்லை என்றால் கால் டீஸ்பூனாகக் கூட்டலாம். கடுகு தண்ணீரை இழுத்து சாஸைக் கெட்டியாக்கும், அப்போது சில சொட்டு எலுமிச்சை விட்டால் சரியாகும். இறால் தொட்ட கிண்ணத்தில் மிஞ்சியதைப் பாட்டிலில் திருப்பி ஊற்றக்கூடாது.

ஹார்ஸ்ராடிஷ் வெல்லும் இடமும் உண்டு. வெறும் உப்புத் தண்ணீரில் அவித்த இறால், நண்டு போன்ற மென்மையான சுவைகளோடு கடுகின் அடிக்கசப்பு லேசாக முட்டும். விருந்துக்குப் பத்துப் பேர் வந்து பாட்டில் ஒரே நாளில் தீரும் என்றால் தாராளமாக அதையே வாங்கலாம். மும்பையின் கோலிவாடா பாணியில் மசாலா தடவிப் பொரித்த இறாலுக்கும் ரவா வறுவல் வஞ்சிரத்துக்கும் கடுகுதான் பொருத்தம்.

மும்பைப் பக்கம் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக் காலத்தில் பெரும்பாலும் உறைந்த இறால்தான் கைக்கு வரும். அதை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, அவித்துக் குளிர்ந்ததும் துணியில் நன்றாக ஒற்றி எடுங்கள். இறாலில் ஒட்டிய நீர் கிண்ணத்தில் இறங்கினால் எந்தக் காரம் போட்ட சாஸும் நீர்த்துவிடும்.