அணுப்பிளவு மேசை, டாய்ச்சஸ் மியூசியம், மியூனிக்: பார்வையாளர் மதிப்புரை

அணுக்கருப் பிளவைக் கண்டறிந்த கருவிகளை ஒரே மேசையில் சேர்த்துக் காட்டும் இந்தக் காட்சி கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் பார்த்தவுடன், யாரோ ஒருவர் ஓரிடத்தில் நின்று செய்த சோதனை என்றுதான் தோன்றும். உண்மையில் 1938இல் பெர்லின் டாலமில், கைசர் வில்ஹெல்ம் வேதியியல் நிறுவனத்தில், இவை தனித்தனி அறைகளில் இருந்தன. நியூட்ரான்களைத் தரும் ரேடியம்–பெரிலியம் கலவை காமாக் கதிரையும் வீசும். அதன் பக்கத்தில் வைத்தால், கதிரியக்கத்தை அளக்கும் கைகர் எண்ணியில் யுரேனிய மாதிரியின் மெல்லிய துடிப்பு மூழ்கிப்போகும். அளக்க வேண்டிய கதிரியக்கமோ சீக்கிரம் தேய்ந்துவிடும். அறைக்கு அறை ஓட வேண்டியிருந்தது.

பாரஃபின் மெழுகுக் கட்டியிலிருந்து தொடங்குங்கள். அதிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கிறது. பேட்டரிகளும் எண்ணிகளும் கண்ணை இழுக்கும். அவற்றை விட்டு வடிகட்டும் குடுவையிடம் போய் நில்லுங்கள். வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனின் கைவண்ணம் அங்கேதான்.

நியூட்ரான் தாக்கிய யுரேனியத்தில் பிறந்த புதுப்பொருள் எடை போட முடியாத அளவு. அதைச் சுமந்து வர இன்னொரு பொருள் வேண்டும். ஸ்ட்ராஸ்மன் பேரியம் குளோரைடைத் தேர்ந்தார். பேரியம் சல்பேட் கண்டதையும் சேர்த்து இழுத்து வரும், குளோரைடு படிகமோ சுத்தமாக விழும். புதுப்பொருள் ரேடியம் என்றே எண்ணியிருந்தார்கள். அப்படியானால் படிப்படியாகப் படிகமாக்கும்போது முதல் படிகங்களில் அது செறிய வேண்டும். செறியவில்லை. முறையில் கோளாறா என்று பார்க்க நிஜ ரேடியம் ஐசோடோப்பைக் கலந்தார்கள். அது ஒழுங்காகப் பிரிந்தது. புதுப்பொருள் பேரியத்தை விட்டு நகரவில்லை. அதுவே பேரியம்தான். அதாவது கனமான யுரேனியக் கரு பிளந்து, அதைவிட மிக லேசான பேரியம் பிறந்திருந்தது. வேதியியலில் இவ்வளவு நேர்மையான சரிபார்ப்பு அபூர்வம்.

பல ஆண்டுகள் இந்த மேசை, ஸ்ட்ராஸ்மனுடன் இந்த ஆய்வைச் செய்த வேதியியலாளர் ஓட்டோ ஹானின் வேலை மேசை என்றே காட்டப்பட்டது. ஸ்ட்ராஸ்மனின் பெயரும், 1934இல் இந்த ஆய்வைத் தொடங்கிவைத்து, 1938 ஜூலையில் நாஜிகளிடமிருந்து உயிர் தப்பி ஓட நேர்ந்த இயற்பியலாளர் லீஸ மைட்னரின் பெயரும் அந்தத் தலைப்பில் இல்லை. பிறகு திருத்தினார்கள், தாமதம் பெரிய குறைதான். 1944ஆம் ஆண்டுக்கான நோபலும் ஹானுக்கு மட்டுமே. மூவரையும் சேர்த்துக் கௌரவித்தது 1966இன் ஃபெர்மி விருது.

ஸ்ட்ராஸ்மனைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். நாஜி அமைப்புகளில் சேர மறுத்ததால் வேறு வேலைக் கதவுகள் மூடிக்கொண்டன. நிறுவனத்தில் அரைச் சம்பளத்தில் இருந்தார். 1943இல் ஒரு யூதப் பெண்ணைத் தன் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்தார். நேரம் குறைவென்றால் எண்ணிகளை விட்டுவிடலாம், குடுவையை விடாதீர்கள்.