அலையா, அடுத்தடுத்து நேர்ந்தவையா? உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம்: ஒரு மதிப்புரை

2022 ஜூலையில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே, 2023 ஆகஸ்டில் ஈக்வடாரின் அதிபர் வேட்பாளர் ஃபெர்னாண்டோ வில்லவிசென்சியோ, 2025 ஜூனில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹார்ட்மனும் அவருடைய கணவரும், அதே ஆண்டு செப்டம்பரில் யூட்டாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் அமெரிக்க வலதுசாரிச் செயற்பாட்டாளர் சார்லி கிர்க். இவர்கள் கொல்லப்பட்ட ஒவ்வொரு முறையும் அரசியல் வன்முறையின் பேரலை எழுந்துவிட்டது என்று ஒரு தரப்பும், தனித்தனி மனிதர்களின் தனித்தனிக் குற்றங்கள் என்று மறுதரப்பும் வாதிட்டன. எண்களைப் பார்க்காமல் இதில் கருத்துச் சொல்லக் கூடாது என்ற எண்ணத்தில், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஸ்டார்ட் ஆய்வு மையம் பராமரிக்கும் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளத்தைப் பயன்படுத்திப் பார்த்தேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதும் மதிப்புரை இது.

1970 முதலான 2,00,000-க்கும் மேற்பட்ட தாக்குதல்கள் இதில் உள்ளன. ஒவ்வொரு தாக்குதலும் ஒரு வரி. தேதி, இடம், ஆயுதம், இலக்கு, இறந்தோர் எண்ணிக்கை என நூற்றுக்கும் மேற்பட்ட நிரல்கள். வணிக நோக்கமில்லாத தனிநபர்கள் படிவம் நிரப்பி இலவசமாகவே பெறலாம். நான் பயன்படுத்திய பதிப்பு 2020-ஆம் ஆண்டோடு முடிகிறது. மேலே சொன்ன கொலைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. இதை முதல் குறையாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அலை எழுந்திருக்கிறதா என்று கேட்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வழக்கமான நீர்மட்டம் எது என்பதை. அந்த மட்டத்தை ஐம்பது ஆண்டுகளுக்குக் காட்டக்கூடிய தொகுப்புகள் மிகச் சிலவே. அமெரிக்காவை மட்டும் வடிகட்டினால், 1970 என்ற ஒரே ஆண்டில் 400-க்கும் மேற்பட்ட தாக்குதல்கள் தெரிகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் உயிரிழப்பு இல்லை. எண்ணிக்கையில் ஓங்கிய ஒரு காலம் உயிர்ப்பலியில் தாழ்ந்தே இருந்திருக்கிறது என்பதைப் பார்த்தபின், ‘அலை’ என்று சொல்பவரிடம் எதன் அலை என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

தொகுப்போடு வரும் விளக்கக் கையேட்டைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். அதைப் படிக்காமல் வரைபடம் போடுபவர் ஏமாறுவது உறுதி. 2011-இல் ஏறத்தாழ 5,000 ஆக இருந்த உலகத் தாக்குதல்களின் எண்ணிக்கை 2012-இல் 8,500 அளவுக்குத் தாவுகிறது. வரைபடத்தின் கோட்டினை மட்டும் பார்த்தால் உலகமே ஓராண்டில் தீப்பற்றிக்கொண்டதாகத் தோன்றும். ஆனால் 2011 நவம்பர் முதலான நிகழ்வுகளைத் திரட்டும் பொறுப்பு கைமாறியது, திரட்டும் முறையும் மாறியது, ஆகவே உயர்வின் ஒரு பங்கு அந்த மாற்றத்தால் வந்திருக்கலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. 1993-ஆம் ஆண்டின் நிகழ்வுகள் தொகுப்பில் இல்லவே இல்லை. தொடக்ககாலப் பதிவுகள் ஒரு தனியார் நிறுவனத்தின் காகித அட்டைகளில் இருந்தன. அலுவலக இடமாற்றத்தில் அந்த ஆண்டின் அட்டைகள் தொலைந்துபோயின. அந்த வெற்றிடத்தை மதிப்பீடுகளால் பூசி மெழுகாமல் அப்படியே திறந்து வைத்திருப்பதால்தான் எனக்கு இத்தொகுப்பின்மேல் நம்பிக்கை வந்தது.

ஒரு கொலையை ‘அரசியல்’ என்று வகைப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதையும் இதன் விதிகள் கற்றுத்தருகின்றன. அரசியல், பொருளாதார, மத அல்லது சமூக நோக்கம் இருக்க வேண்டும். நேரடியாகப் பாதிக்கப்பட்டவரைத் தாண்டிப் பிறரை அச்சுறுத்தவோ அவர்களுக்குச் செய்தி சொல்லவோ எண்ணியிருக்க வேண்டும். செயல் போர்விதிகளுக்குப் புறம்பானதாக இருக்க வேண்டும். இம்மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தியாக வேண்டும். ஐயத்துக்குரியவற்றைக் குறிக்கத் தனி நிரலும் உண்டு. அபே கொலையை இந்த விதிகளில் வைத்துப் பார்த்தேன். கொன்றவரின் ஆத்திரம், தன் தாயின் நன்கொடைகளால் குடும்பத்தைச் சீரழித்ததாக அவர் கருதிய ஒரு மத அமைப்பின்மீது. அந்த அமைப்போடு அபேக்குத் தொடர்பு இருப்பதாக அவர் எண்ணினார். இது சொந்தப் பகையா, அரசியல் கொலையா? நெடுநேரம் யோசித்தும் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. ஒரே ஆண்டில் இத்தகைய நான்கைந்து நிகழ்வுகளைச் சேர்ப்பதும் விடுவதுமே சிறிய எண்களில் ஓர் அலையை எழுப்பவும் அடக்கவும் போதும்.

அரசுகள் செய்யும் கொலைகள் இதில் வரமாட்டா. மிரட்டல்களும், செயலுக்கு வராத சதித்திட்டங்களும் வரமாட்டா. அரசியல் வன்முறை பரவுகிறதா என்று அறிய விரும்புபவருக்கு இவை பெரிய விடுபடல்கள்; மிரட்டலுக்கு அஞ்சிப் பதவி விலகும் உறுப்பினர் எந்த வரியிலும் தென்படமாட்டார். மோதல் நிகழ்வுகளைத் திரட்டி வாரந்தோறும் புதுப்பிக்கப்படும் ஏக்லெட் (ACLED) என்ற மற்றொரு தொகுப்பு அரசு வன்முறையையும் போராட்டங்களையும் கணக்கில் எடுக்கிறது; ஆனால் அமெரிக்காவுக்கான அதன் பதிவுகள் 2020-இல்தான் தொடங்குவதால் பழைய காலத்தோடு ஒப்பிட வழியில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இப்போதைக்கு நல்லது.

படுகொலை என்ற வகையைத் தேர்பவர்கள் இரண்டு நிரல்களில் கவனமாக இருக்க வேண்டும். குறிவைக்கப்பட்டவர் இறந்தால் மட்டுமே தாக்குதல் ‘வெற்றி’ என்று குறிக்கப்படும். இறந்தோர் எண்ணிக்கையிலோ தாக்கியவரும் சேர்ந்திருப்பார். 2024 ஜூலையில் பட்லர் நகரக் கூட்டத்தில் டொனால்டு டிரம்பை நோக்கிச் சுடப்பட்டபோது பார்வையாளர் ஒருவர் இறந்தார், சுட்டவரும் கொல்லப்பட்டார். இந்த விதிகளின்படி அது தோல்வியுற்ற தாக்குதல், இறந்தோர் இருவர். தாக்கியவர்களின் சாவுகள் தனி நிரலிலும் தரப்பட்டுள்ளன. அவற்றைக் கழித்துக்கொள்ளும் வேலை பயன்படுத்துபவருடையது. கூட்டம் கேட்கக் குடும்பத்தோடு வந்து உயிரிழந்தவரும் அவரைச் சுட்டவரும் ஒரே எண்ணுக்குள் இருக்கக் கூடாது என்பதால், ஒவ்வொரு முறையும் அந்தக் கழித்தலை முதலில் செய்துவிட்டுத்தான் அடுத்த நிரலுக்குப் போகிறேன்.