ஒரு ஸ்டிக்கருக்காக எவ்வளவு கொடுக்கலாம்?

அமெரிக்க பங்க் இசைக்குழுவான பிளாக் ஃப்ளாக்கின் ‘டேமேஜ்ட்’ ரெக்கார்டைத் தேடிப் போனால் மூன்று வகைப் பிரதிகள் கண்ணில் படும். 1981-ல் யூனிகார்ன் என்ற லேபிள் வெளியிட்ட முதல் அச்சு, அட்டையில் ஒட்டிய ஸ்டிக்கர் கலையாதது. அதே முதல் அச்சு, ஸ்டிக்கர் கிழிந்தது அல்லது காணாமல் போனது. அப்புறம், கிதார் கலைஞர் கிரெக் கின்னின் சொந்த லேபிளான எஸ்எஸ்டி பின்னாளில் போட்ட மறு அச்சு. போன வருஷம் மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டாவதை வாங்கினேன். எனவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பாட்டு மூன்றிலும் அதேதான். பாடகர் ஹென்ரி ரோலின்ஸ் கண்ணாடியைக் குத்துகிற, எட் கோல்வர் எடுத்த அட்டைப் படமும் அதேதான். (படத்தில் தெரிகிற ரத்தம் சிவப்பு மையும் காப்பியும் கலந்தது. கண்ணாடியை முன்கூட்டியே சுத்தியலால் உடைத்து வைத்திருந்தார்கள்.) முதல் அச்சில் கிதார் இன்னும் கரகரப்பாகக் கேட்கும் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. நான் ஊசி வைத்துக் கேட்டது இரண்டே பிரதிகள், அதிலும் ஒன்று ஏகத்துக்குத் தேய்ந்தது. அதை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஆகவே விலை வித்தியாசம் முழுக்க அந்தச் சின்னக் காகிதத்தில்தான் இருக்கிறது. அது வந்த கதை இப்படி. ஆல்பத்தைக் கடைகளுக்கு அனுப்ப வேண்டியது எம்சிஏ என்ற பெரிய ரெக்கார்டு நிறுவனம். அதன் விநியோகப் பிரிவுத் தலைவர் ஆல் பெர்காமோ கேட்டுப் பார்த்துவிட்டு, ஒரு தகப்பனாக இது பெற்றோருக்கு எதிரான ரெக்கார்டு என்று சொல்லிக் கைகழுவினார். அட்டையிலோ எம்சிஏ முத்திரை ஏற்கெனவே அச்சாகிவிட்டது. குழுவினர் பெர்காமோவின் வாசகத்தையே ஸ்டிக்கராக அடித்து அந்த முத்திரையின் தலையிலேயே ஒட்டினார்கள். யூனிகார்னின் கடன்தான் நிஜக் காரணம், பெற்றோர் பேச்சு வெறும் சாக்கு என்று எஸ்எஸ்டியில் இருந்த ஜோ கார்டூச்சி பிற்பாடு சொன்னார். எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது. சாக்கோ நிஜமோ, அதை விளம்பரமாகத் திருப்பியதுதான் அழகு.

சரி, இவ்வளவு கதை உள்ள ஸ்டிக்கர் முழுசாக இருக்கிற பிரதியை நான் ஏன் விட்டேன்? பராமரிப்பு. வினைல் ஒழுங்காக வைத்தால் நம்மைவிட அதிக நாள் இருக்கும். நிமிர்த்தி வைக்க வேண்டும், வெயில் படக் கூடாது, பிவிசி உறையில் போடக் கூடாது, அவ்வளவுதான். நாற்பது வருஷத்துப் பசை அப்படி இல்லை. காய்ந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். வெளியுறை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால், அட்டையை உருவுகிற ஒவ்வொரு தடவையும் தூக்கிய மூலை மாட்டிக்கொள்ளும். மறுபடி ஒட்டலாமா என்றால், புதுப் பசை போட்ட நிமிஷமே அது ‘கைவைத்த பிரதி’. ஒட்டாவிட்டால் கிழியும். ஸ்டிக்கருக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர் கடைசியில் ரெக்கார்டை வெளியே எடுக்கவே பயப்படுவார். முப்பத்தைந்து நிமிஷம் கத்தித் தீர்க்கிற ஆல்பத்தை அலமாரியில் பூட்டி வைப்பது எனக்கு ஒத்துவராது.

விற்கும்போதும் இதே தலைவலி. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது ரெக்கார்டை இல்லை, ஸ்டிக்கரை. அது அசலா என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நான் ஒரு தடவை ஏமாற இருந்தேன். நேரில் போய்ப் பார்த்ததால் தப்பித்தேன். மேஜை விளக்கின் கீழே அட்டையைச் சாய்த்தபோது, சுற்றிலும் அட்டை மஞ்சளேறிக் கிடக்க, ஸ்டிக்கர் மட்டும் பளிச்சென்று இருந்தது. பழைய பசை ஓரத்தில் கசிந்து மெல்லிய பழுப்புக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடே இல்லை. நகத்தால் தடவினால் ஓரம் கத்தி போலக் கூர்மை. விற்றவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். வட்டின் நடு லேபிளைச் சுற்றி, பாட்டு முடிந்த வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எழுத்துகளை டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டு இணையதளத்தின் பட்டியலோடு ஒப்பிட்டால் அச்சு எதுவென்று தெரிந்துவிடும். ஸ்டிக்கருக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது.

எஸ்எஸ்டி மறு அச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு மட்டும் போதும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள். ஆனால் அது வந்த வழியும் லேசானதல்ல. யூனிகார்னோடு வழக்கு முற்றி, குழு தன் பெயரிலேயே ரெக்கார்டு போட முடியாமல் நீதிமன்றத் தடை வந்தது. 1982-ல் வந்த தொகுப்பில் குழுவின் பெயரே இல்லை, வாசித்தவர்கள் பெயர்கள்தான். அந்தத் தடையை மீறியதாகக் கின்னும் பேஸ் வாசித்த சக் டுகோவ்ஸ்கியும் ஐந்து நாள் சிறையில் இருந்தார்கள். யூனிகார்ன் திவாலான பிறகுதான் கட்டு அவிழ்ந்தது.

என் பிரதிக்கு நான் கொடுத்தது, ஸ்டிக்கர் கலையாத பிரதிக்குக் கேட்ட விலையில் பாதிகூட இல்லை. அட்டையில் வட்டின் தடம் பதிந்திருக்கிறது, ஒரு மூலை மடங்கியிருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரே இடத்தில் ‘டிக் டிக்’ என்று நாலு சுற்றுக்குச் சத்தம் வரும், அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது! யாரோ ஸ்டிக்கரைப் பிய்க்கப் பார்த்துப் பாதியில் விட்டிருக்கிறார்கள். குறுக்கே கிழிந்த இடத்தில் ‘எம்சி’ மட்டும் வெளியே தெரிகிறது. ‘ஏ’ இன்னும் அடியில்தான் இருக்கிறது.